ஒற்றைக் காலில் நின்றால் போதை தெரியுமா? கஞ்சா ஓட்டுநர்களைக் கண்டுபிடிக்கத் திணறும் கருவிகள்!

'ஒரு காலைத் தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்குங்கள். கைகள் உடம்பை ஒட்டியே இருக்கட்டும். சத்தமாக எண்ணுங்கள். போதும் என்று சொல்லும்வரை அப்படியே நில்லுங்கள்.'

அமெரிக்காவில், போதையில் வண்டி ஓட்டியதாகச் சந்தேகப்பட்டு நிறுத்தப்படுகிறவர்களிடம் போலீஸார் சொல்வது ஏறக்குறைய இதுதான். அடுத்து, நேர்க்கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட ஒட்ட ஒன்பது அடி நடந்து, திரும்பி, மறுபடி ஒன்பது அடி வர வேண்டும். கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, மனசுக்குள் முப்பது நொடி கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். விரலால் மூக்கு நுனியைத் தொட வேண்டும். தள்ளாடினாலோ, கணக்கு பிசகினாலோ விஷயம் கைதுவரை போகலாம்.

சரி, இந்தச் சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாக ஆராய்ச்சியாளர்கள், கஞ்சா பழக்கம் உள்ள 184 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 121 பேருக்கு போதைப் பொருள் உள்ள கஞ்சா சிகரெட். மீதி 63 பேருக்கு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் போதைப் பொருள் கிட்டத்தட்ட முழுவதும் நீக்கப்பட்ட சிகரெட். யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, சோதிக்க வந்த அதிகாரிகளுக்கும் தெரியாது. அந்த அதிகாரிகளும் சாதாரணமானவர்கள் இல்லை. போதையைக் கண்டறிவதில் விசேஷப் பயிற்சி பெற்றவர்கள்.

புகைத்து முடித்து 70 நிமிடங்கள் கழித்துச் சோதனை நடந்தது. நிஜமாகவே கஞ்சா புகைத்தவர்களில் 81 சதவிகிதம் பேர் தடுமாற்றத்தில் இருப்பதாக அதிகாரிகள் முடிவு செய்தார்கள். பரவாயில்லை என்று தோன்றுகிறதா? வெறும் சிகரெட் புகைத்த 63 பேரில் 31 பேரையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதாவது, கிட்டத்தட்ட பாதிப் பேர்! இரண்டு குழுவிலும் சேர்த்து 129 பேர் சோதனையில் தோற்றார்கள். அவர்களில் 128 பேர் கஞ்சா எடுத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 2023-ல் 'ஜாமா சைக்கியாட்ரி' மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது.

இது ஆய்வுக்கூடம் என்பதால் 31 பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள். நெடுஞ்சாலையாக இருந்திருந்தால்? வழக்கு, வக்கீல் செலவு, லைசென்ஸ் ரத்து, சிலருக்கு வேலை போயிருக்கும். இன்னொரு பக்கம், நிஜமாகவே கஞ்சா புகைத்த 23 பேர் சோதனையில் தேறிவிட்டார்கள். அவர்களில் யாராவது தடுமாறும் நிலையில் இருந்திருந்தால், எதிரே வரும் குடும்பத்துக்கு யார் பொறுப்பு?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய ஒவ்வொரு நாடும் இப்போது இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மதுவுக்கு ஓர் ஊது போதும்... கஞ்சாவுக்கு?

மது குடித்தவரைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். ஆல்கஹால் தண்ணீரில் கரையக்கூடியது. குடித்ததும் ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்க ஓரளவு சீராகப் பரவும். ரத்தம் நுரையீரலைக் கடக்கும்போது ஆல்கஹால் ஆவியாகி மூச்சில் வெளியே வரும். ரத்தத்தில் கூடினால் மூச்சிலும் கூடும், ரத்தத்தில் குறைந்தால் மூச்சிலும் குறையும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் போலீஸில் பணியாற்றிய ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954-ல் 'பிரீத்தலைசர்' கருவியை உருவாக்கியது இந்தக் கணக்கை வைத்துத்தான். நம் ஊர் டிராஃபிக் போலீஸார் இரவில் நீட்டும் 'ஊதுங்க சார்' கருவியின் முன்னோடி அது.

ரத்தத்தில் ஆல்கஹால் ஏற ஏற விபத்து அபாயமும் ஏறும் என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. அதனால்தான் இந்தியச் சட்டம் '100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்' என்று ஒரு கோட்டைத் தைரியமாகப் போட முடிந்தது.

கஞ்சாவில் போதை தருவது டி.ஹெச்.சி என்ற வேதிப்பொருள். இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். இந்த ஒரு குணம்தான் அத்தனை கருவிகளையும் திணற வைக்கிறது.

புகைத்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் டி.ஹெச்.சி உச்சத்துக்குப் போய்விடும். பிறகு மடமடவென்று இறங்கும். உடம்பிலிருந்து வெளியேறியதால் இறங்கவில்லை. மூளைக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் இடம் மாறியதால் இறங்குகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும், ஆனால் மூளையில் போதை ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. தினமும் கஞ்சா எடுப்பவர்களின் கொழுப்பில் சேர்ந்திருக்கும் டி.ஹெச்.சி, பழக்கத்தை நிறுத்திய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசியும். அப்படிப்பட்டவர்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, கஞ்சா கொடுக்காமல் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சிலரிடம் 30 நாள் கழித்தும் டி.ஹெச்.சி இருந்தது. 2013-ல் வெளியான முடிவு இது.

ஆக, இப்போது போதையில் இருப்பவரின் ரத்தத்தில் அளவு குறைவாக இருக்கலாம். போன வாரமே நிறுத்தியவரின் ரத்தத்தில் அது இன்னும் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை இன்னும் மோசம். அதில் தெரிவது பெரும்பாலும் டி.ஹெச்.சி உடைந்த பிறகு மிஞ்சும், போதையே தராத எச்சப்பொருள்தான்.

ஆளுக்கொரு எண்!

ஆனாலும் சட்டத்துக்கு ஓர் எண் வேண்டுமே! 2012-ல் நடந்த வாக்கெடுப்பில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய வாஷிங்டன் மாநிலம், ஒரு மில்லி ரத்தத்தில் 5 நானோகிராம் டி.ஹெச்.சி இருந்தால் குற்றம் என்றது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே ஆண்டு வாக்கெடுப்பில் சட்டபூர்வமாக்கிய கொலராடோவும் அதே எண்ணை எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே அது முடிவான சாட்சியம் இல்லை. 'எனக்குத் தடுமாற்றம் இல்லை' என்று ஓட்டுநர் வாதாட இடம் உண்டு.

பிரிட்டன் 2015-ல் 2 என்றது. 2018-ல் சட்டபூர்வமாக்கிய கனடா, 2-லிருந்து 5-க்குள் இருந்தால் அபராதம், 5-ஐத் தொட்டால் கடும் தண்டனை என்று இரண்டு படி வைத்தது. 2024 ஏப்ரலில் சட்டபூர்வமாக்கிய ஜெர்மனி, அதுவரை இருந்த 1 நானோகிராம் அளவை அதே ஆண்டு ஆகஸ்டில் 3.5 ஆக உயர்த்தியது. அதுவும் முழு ரத்தத்தில் இல்லை, ரத்தத்தைப் பிரித்தெடுக்கும் சீரத்தில்.

ஒரே போதைக்கு ஏன் இத்தனை எண்கள்? அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான 'ஏ.ஏ.ஏ'வின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல் இதை ஆராய்ந்தது. டி.ஹெச்.சி-க்கு இதுதான் எல்லை என்று எந்த எண்ணையும் அறிவியல்ரீதியாகச் சொல்ல முடியாது என்பது அதன் முடிவு. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பும், ரத்த அளவை வைத்துத் தடுமாற்றத்தைக் கணிப்பது கடினம் என்றே அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது.

அதற்காக ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. கஞ்சா போதையில் வண்டியை ஒரே தடத்தில் நேராகச் செலுத்துவது கஷ்டமாகும். எதிர்பாராமல் ஒன்று நடந்தால் மூளை பதில் சொல்லத் தாமதமாகும். சிலர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். ஆனால், குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவரும்போது அந்தச் சமாளிப்பு கைகொடுக்காது. மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால்தான் கனடா, இரண்டும் கலந்திருந்தால் அதற்கென்று தனியாக, குறைந்த எல்லை வைத்திருக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் உயிரிழப்பு விபத்துகளில் சிக்கிய ஓட்டுநர்களில் டி.ஹெச்.சி இருந்தவர்களின் பங்கு 2013-ல் சுமார் 8 சதவிகிதம். 2014-ல் 17 சதவிகிதம். 'பார்த்தீர்களா?' என்றது ஒரு தரப்பு. 'ரத்தத்தில் இருந்தது என்பதும், அதனால்தான் விபத்து நடந்தது என்பதும் ஒன்றல்ல' என்றது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். சிக்கலே அதுதான்.

எச்சில் பரிசோதனை

சாலையோரத்தில் ரத்தம் எடுக்க முடியாது. மருத்துவமனைக்கோ நிலையத்துக்கோ அழைத்துப் போய் ஊசி போடுவதற்குள் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் எண் இறங்கிவிடும். எனவே, பல நாடுகள் எச்சிலுக்கு மாறின.

இதில் முன்னோடி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 2004 டிசம்பரிலேயே ஓட்டுநர்களை ஆங்காங்கே நிறுத்தி எச்சில் பரிசோதனை செய்யத் தொடங்கிவிட்டது. நாக்கில் ஒரு பட்டையைத் தேய்த்தால் சில நிமிடங்களில் முடிவு. ஜெர்மனியின் டிரேகர் நிறுவனம் தயாரித்த 'டிரக் டெஸ்ட் 5000' கருவியை 2018-ல் கனடாவும் அங்கீகரித்தது.

புகைக்கும்போது வாயில் ஒட்டும் டி.ஹெச்.சி-யைத்தான் இந்தக் கருவிகள் முக்கியமாகப் பிடிக்கின்றன. அண்மையில் புகைத்தாரா என்று ஓரளவு சொல்லும். தடுமாறுகிறாரா என்று சொல்லாது. சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் இரண்டு கருவிகளைச் சோதித்தபோது, பிடிக்க வேண்டியவரை விடுவதும், விட வேண்டியவரைப் பிடிப்பதும் இரண்டிலுமே நடந்தது.

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான இடங்களில் எச்சிலில் டி.ஹெச்.சி இருந்தாலே குற்றம், தடுமாற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 2016-ல் அங்கே மருத்துவக் கஞ்சா சட்டபூர்வமானதும் புதிய சிக்கல் முளைத்தது. தீராத வலிக்கு டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்த மருந்தை இரவு எடுத்துவிட்டு, மறுநாள் தெளிவாக வண்டி ஓட்டிச் செல்கிறவரும் குற்றவாளியாகலாம். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட நோயாளிகளின் லைசென்ஸை ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை விக்டோரியா மாநிலம் 2025 மார்ச் முதல் நீதிபதிகளுக்குக் கொடுத்தது.

மூச்சில் பிடிக்க முடியுமா?

'மதுவுக்கு ஊதுவதுபோல கஞ்சாவுக்கும் ஊதினால் என்ன?' என்ற கேள்வியோடு பலர் களத்தில் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஹவுண்ட் லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மைக் லின், அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். போலீஸ் துறையிலும் பகுதிநேரமாகப் பணியாற்றியவர். புகைத்த சில மணி நேரம் மட்டுமே மூச்சில் டி.ஹெச்.சி இருக்கும் என்பதை நம்பி உருவானது இவர்களின் கருவி. லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் நீல் கார்க் குழு, டி.ஹெச்.சி-யை ஆக்சிஜனேற்றி அதில் பிறக்கும் மின்னோட்டத்தை அளக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2019-ல் கார்பன் நானோ குழாய்களைப் பயன்படுத்தி ஒரு கருவியை உருவாக்கியது.

ஆனால் இங்கேயும் அந்தக் கொழுப்புக் குணம் குறுக்கே நிற்கிறது. டி.ஹெச்.சி ஆல்கஹால்போல ஆவியாகி வருவதில்லை. நுரையீரலிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அளவும் ஆல்கஹாலைவிடப் பல லட்சம் மடங்கு குறைவு.

அமெரிக்க அரசின் தரநிர்ணய, தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான 'நிஸ்ட்', கொலராடோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 18 பேரிடம் ஒரு சிறிய ஆய்வு நடத்தியது. ஆய்வுக்கூட வசதிகள் கொண்ட வேன் அவர்களின் வீட்டு வாசலுக்கே போனது. முதலில் வேனில் மூச்சு மாதிரி. பிறகு அவர்கள் வீட்டுக்குள் போய் கஞ்சா எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மாதிரி. எடுப்பதற்கு முன்பு கிடைத்த அளவுகளும், எடுத்த பிறகு கிடைத்த அளவுகளும் ஏறக்குறைய ஒரே வரம்புக்குள் இருந்தன! 2023-ல் இது வெளியானது. முந்தைய பழக்கத்தின் மிச்சமா, இப்போது இழுத்ததா என்று ஒரே ஓர் ஊதலை வைத்துப் பிரிக்க முடியவில்லை.

அதனால், குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு முறை ஊதச் சொல்லி, அளவு இறங்குகிறதா என்று பார்க்கும் யோசனையை நிஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் முன்வைக்கிறார்கள். வேகமாக இறங்கினால் சமீபத்தில் எடுத்தவர் என்று கணிக்கலாம்.

மூளையைப் பார்த்தால்?

இன்னொரு கூட்டம் வேறு பாதையில் போகிறது. உடம்பில் என்ன இருக்கிறது என்று ஏன் தேட வேண்டும்? ஓட்டும் நிலையில் இருக்கிறாரா என்று நேரடியாகப் பார்த்தால் என்ன?

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோடி கில்மன் தலைமையிலான குழு, தலையில் மாட்டும் ஒரு கருவியைப் பயன்படுத்தியது. நெற்றி வழியாக அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியைச் செலுத்தி, மூளையின் முன்பகுதியில் ஆக்சிஜன் ஓட்டம் எப்படி மாறுகிறது என்று அது அளக்கும். 169 பேரிடம் நடத்திய இந்த ஆய்வு 2022-ல் வெளியானது. போதைத் தடுமாற்றத்தை அந்தக் கருவி சுமார் 76 சதவிகிதம் சரியாகக் கணித்தது. தடுமாற்றமே இல்லாதவரைத் தவறாகப் பிடிப்பது 10 சதவிகிதமாகக் குறைந்தது. முன்னேற்றம்தான். ஆனால், நூறு பேரில் பத்து அப்பாவிகள் என்பது நீதிமன்றத்துக்குச் சிறிய எண் இல்லை. கருவியும் இன்னும் சாலைக்கு வரவில்லை.

கண்ணில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடியில் பாவையின் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளும் வந்திருக்கின்றன. உளவியல் பேராசிரியர் மைக்கேல் மில்பர்ன் உருவாக்கிய 'டிரூயிட்' ஆப், மொபைல் திரையில் சில விளையாட்டுகள் கொடுத்துக் கவனத்தையும் சமநிலையையும் அளக்கிறது. இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் சாதாரணமாக எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தான் இப்போது தடுமாறுகிறார் என்று சொல்ல முடியும். நள்ளிரவில் நிறுத்தப்படும் முன்பின் தெரியாத ஓட்டுநரிடம் அந்த ஒப்பீடு போலீஸிடம் இருக்காது. தூக்கமின்மை, வயது, மூட்டுவலி, போலீஸைப் பார்த்த பயம் எல்லாமே தடுமாற வைக்கும். மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2017-ல், ஒற்றைக் கால் வகைச் சோதனைகளைக் கஞ்சா போதைக்கு முடிவான ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது.

இந்தியாவில் என்ன நிலை?

கஞ்சா வைத்திருப்பதே குற்றமாக உள்ள நாடு நம்முடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, மதுவோடு சேர்த்துப் போதைப்பொருளையும் குறிப்பிடுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 15,000 ரூபாய் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால், மதுவுக்கு இருப்பதுபோல ஓர் எண் போதைப்பொருளுக்கு அந்தப் பிரிவில் இல்லை. 'வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு' போதையில் இருந்தார் என்பதுதான் அளவுகோல். மது அருந்தியிருந்தால் மட்டுமே அலறும் கருவியால் அதைச் சொல்ல முடியாது.

பிள்ளைகளைப் படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'அங்கே கஞ்சா சட்டபூர்வம்' என்பது, 'எடுத்துவிட்டு ஓட்டலாம்' என்று ஆகாது. ஜெர்மனியில் 3.5-ஐத் தாண்டினால் 500 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களும், லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர்களும் அந்தச் சலுகை அளவைக்கூட எதிர்பார்க்க முடியாது. கனடாவில் போதையில் ஓட்டும் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனை 2018 டிசம்பரில் பத்து ஆண்டுகளாக உயர்ந்தது. அதனால் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது கடும் குற்றம். மாணவர் விசாவில் இருப்பவரும், நிரந்தரக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவரும் நாட்டைவிட்டே வெளியேற வேண்டிய நிலை வரலாம்.

'இப்போ நான் ஓகே!'

நம்பகமான கருவி வரும்வரை மிச்சமிருப்பது ஓட்டுநரின் மனசாட்சிதான். அதை எவ்வளவு நம்பலாம்?

சான்டியாகோவில் அதே ஆராய்ச்சியாளர்கள், தாமஸ் மார்கோட் தலைமையில், 191 பேரை டிரைவிங் சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். புகைத்து அரை மணி நேரத்தில் ஓட்டும் திறன் குறைந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்திலும் குறைந்தே இருந்தது. மூன்றரை மணி நேரம்வரை லேசான பாதிப்பு தெரிந்தது. நாலரை மணி நேரத்தில்தான் வித்தியாசம் மறைந்தது. ரத்தத்தில் இருந்த டி.ஹெச்.சி அளவுக்கும் ஓட்டும் திறனுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. 80 ஆய்வுகளைத் தொகுத்த சிட்னி பல்கலைக்கழகம், அளவையும் எடுக்கும் விதத்தையும் பொறுத்துத் தடுமாற்றம் மூன்று முதல் பத்து மணி நேரம்வரை நீடிக்கலாம் என்கிறது. மிட்டாய், கேக் என்று சாப்பிடும் வகைகளில் போதை தாமதமாக ஏறி, நெடுநேரம் நிற்கும்.

சான்டியாகோ ஆய்வில் கவனிக்க வேண்டிய இடம் அந்த ஒன்றரை மணி நேரம். புகைத்த அரை மணி நேரத்தில் வண்டி எடுக்கத் தயங்கிய பலர், ஒன்றரை மணி நேரம் ஆனதும் 'இப்போது ஓட்டலாம்' என்ற எண்ணத்துக்கு வந்துவிட்டார்கள். சிமுலேட்டரில் அவர்கள் ஓட்டிய விதமோ அப்போதும் தேறியிருக்கவில்லை.

சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு 'எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர் அதை உண்மை என்றே நம்பிக்கொண்டிருக்கலாம். சாவியை வாங்கி வைத்துவிட்டு ஒரு டாக்ஸியைக் கூப்பிடுவதுதான் இப்போதைக்குக் கையில் இருக்கும் வழி.